ஹாங்க் ஆரன்: பழைய கார்டா, கையெழுத்துப் பந்தா?

பேஸ்பாலில் ஹாங்க் ஆரன் பெயரில் ஒரே ஒரு பொருள் வாங்குவது என்று முடிவு செய்பவருக்கு எதிரே இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, 1954-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, அவர் படம் அச்சிட்ட முதல் சேகரிப்புக் கார்டு, 128-ஆம் எண். இன்னொன்று, அவர் கையெழுத்திட்ட பந்து. நான் கார்டை வாங்கினேன். பத்துக்குத் தரம் 2, ஒரு மூலையில் மடிப்பு, ஓரமெல்லாம் மழுங்கியது. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆரனைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஓட்டம் எடுக்கும் ஹோம் ரன்னில், பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 என்ற சாதனையை 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் முறியடித்தவர். 755-இல் முடித்தார். அந்தச் சாதனையை நெருங்கிய நாட்களில், ஒரு கறுப்பின ஆட்டக்காரர் ரூத்தைத் தாண்டுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் அவருக்குக் குவிந்தன. அதனாலேயே வெறும் எண்ணிக்கைக்கு அப்பாலும் அவர் பொருட்களுக்கு ஒரு மதிப்பு உண்டு.

விலையை முதலில் முடித்துவிடலாம். தரம் குறைந்த 1954 கார்டு ஒன்றின் விலைக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பந்துகளை வாங்கலாம். காரணம் எளிது. 1954-இல் அச்சான கார்டை இனி யாரும் அச்சடிக்கப் போவதில்லை. ஆரனோ ஓய்வு பெற்ற பிறகு பல பத்தாண்டுகள் கையெழுத்திட்டுக்கொண்டே இருந்தார். பந்து சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அழகு என்று பார்த்தால் பந்துதான். தையல்களுக்கு நடுவே குறுகி நிற்கும் அந்த வெள்ளைத் தோலில், ஸ்வீட் ஸ்பாட் என்று சொல்லும் இடத்தில், நீல மையில் அவர் பெயர் இருப்பதற்கு முன்னால் கார்டு எடுபடாது. வீட்டுக்கு வருபவர்கள் பந்தைத்தான் கேட்பார்கள்.

பராமரிப்பிலும் பெரிய சண்டை இல்லை. பந்துத் தோல் நாளாக நாளாக மஞ்சளாகும், மை வெயிலில் வெளிறும், வெறும் கையால் தொட்டால் கை எண்ணெய் ஏறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பெட்டியும் இருட்டான அலமாரியும் போதும். மார்க்கர் பேனாவில் எழுதியது தோலில் பரவிவிடும். பால் பாயின்ட் பேனா கையெழுத்துதான் நல்லது. கார்டுக்கு இவ்வளவு கூட வேண்டாம், வெயில் படாமல் இருந்தால் சரி.

சரி, இப்போது நான் முடிவெடுத்த இடத்துக்கு வருகிறேன். நாளைக்கு இதை விற்கப் போனால், 'இது அசல்' என்பதை முன்பின் தெரியாத ஒருவருக்கு எதைக் காட்டி நிரூபிப்பேன்? மற்ற எல்லாக் கேள்வியையும் விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

கார்டு என்பது தொழிற்சாலைப் பொருள். ஒரே அச்சில் வந்த அதன் உடன்பிறப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 1954 டாப்ஸ் கார்டின் அளவு இரண்டே ஐந்தெட்டு அங்குல அகலம், மூன்றே முக்கால் அங்குல உயரம். 1957-இல்தான் டாப்ஸ் இன்றைய இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுக்கு மாறியது. 1994-இல் டாப்ஸே பழைய 1954 தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டது. அவை இன்றைய சிறிய அளவில் வந்தவை. ஆக, அளவுகோலை வைத்தாலே ஒரு வகை ஏமாற்று அடிபட்டுப் போகிறது. அடுத்தது லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் படம் வண்ணப் புள்ளிகளால் ஆனது, கறுப்பு எழுத்தும் கோடும் திட்டமாக, ஒரே மையாக இருக்கும். கார்டை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். பிறகு கறுப்பு விளக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் சேர்க்கத் தொடங்கினார்கள். புற ஊதா வெளிச்சத்தில் அவை பளீரென்று நீலமாக ஒளிரும். போருக்கு முந்தைய சிகரெட் கார்டுகளுக்கு இது கிட்டத்தட்ட தீர்ப்பே சொல்லிவிடும். 1954 கார்டுக்கு அவ்வளவு உறுதி சொல்லாது, ஆனாலும் புத்தம் புதுத் தாளில் அச்சடித்த போலியைக் காட்டிக்கொடுக்க உதவும்.

இத்தனையையும் நான் செய்யலாம், வாங்குபவரும் செய்யலாம், எங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளும் செய்யலாம். விடை ஒன்றாகத்தான் வரும்.

கையெழுத்தில் அப்படி இல்லை. அங்கே கேட்பது 'இந்தக் கோட்டை இழுத்த கை யாருடையது' என்பதுதான். பந்தைப் பற்றிச் சில உறுதியான சோதனைகள் உண்டு என்பது உண்மையே. அமெரிக்க உச்ச பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் பந்துகளில் அந்தந்தக் காலத்து லீக் தலைவரின் பெயர் அச்சிட்டிருக்கும். வாரன் கைல்ஸ் என்றால் 1951 முதல் 1969 வரை, சப் ஃபீனி என்றால் 1970 முதல் 1986 வரை. ரூத் இறந்தது 1948-இல். கைல்ஸ் பெயர் உள்ள பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஆனால் ஆரன் 2021 ஜனவரி வரை வாழ்ந்தவர். அவர் ஆடிய காலத்திலிருந்து அதுவரை வந்த எந்தப் பந்திலும் அவர் கையெழுத்திட்டிருக்க முடியும். பந்தின் வயது அவர் விஷயத்தில் எதையும் நிரூபிக்காது. மை, தோல் எல்லாம் சரியாக இருந்தும் கை மட்டும் வேறாக இருக்கலாம். எஞ்சுவது எழுத்தின் ஓட்டம் மட்டுமே, அதுவும் இருபது வயதில் ஒரு மாதிரி, எழுபது வயதில் ஒரு மாதிரி.

இந்த ஓட்டையில் எவ்வளவு பெரிய வியாபாரம் நடந்தது என்பதற்கு எஃப்.பி.ஐ.யின் ஆபரேஷன் புல்பென் சாட்சி. 1990-களின் கடைசியில் சான் டியேகோ பக்கம் நடந்த விசாரணை. ஒரு கும்பலே உட்கார்ந்து பந்து பந்தாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் பிடிபட்டவற்றில் அன்னை தெரசா 'கையெழுத்திட்ட' பேஸ்பாலும் ஒன்று. சிரிப்பு வந்தாலும், அந்தப் பந்தோடு சான்றிதழும் சேர்ந்தேதான் வந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சான் டியேகோ அணியின் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டுபிடித்தார். ஆட்டக்காரரின் சொந்த அணிக் கடைக்கே தெரியவில்லை என்றால், இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குகிற நாம் எம்மாத்திரம்? போலி என்றில்லாமல் இன்னொரு வகையும் உண்டு. அந்தக் காலத்தில் உடைமாற்றும் அறையில் வேலை பார்த்த பையன்களே ஆட்டக்காரர்களுக்காகப் பந்துகளில் கையெழுத்திட்டுக் கொடுத்ததுண்டு. பந்து அணியிடமிருந்தே வந்தது, கதை முழுக்க உண்மை, கையெழுத்து மட்டும் அவருடையது இல்லை.

சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ், தன் நிலத்துக்குத் தானே பட்டா எழுதிக்கொள்வது போலத்தான். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு வகை. முதல் வகை, பி.எஸ்.ஏ./டி.என்.ஏ., ஜேம்ஸ் ஸ்பென்ஸின் ஜே.எஸ்.ஏ. போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள். அவர்கள் கையெழுத்தைப் போட்டு முடிந்த பிறகு பார்த்து, தங்களிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொல்கிறார்கள். தேர்ந்த கருத்துதான், சந்தையும் மதிக்கிறது, ஆனாலும் அது கருத்து. இரண்டாவது வகை, கையெழுத்துப் போடும்போதே பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி. க்வின் விவகாரத்துக்கும் எஃப்.பி.ஐ. விசாரணைக்கும் பிறகு, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் 2001-இல் தொடங்கிய திட்டம் இப்படிப்பட்டது. பெரும்பாலும் இந்நாள், முன்னாள் போலீஸ்காரர்களே சாட்சியாக நிற்பார்கள். கண்ணெதிரே நடந்தால் மட்டுமே ஹாலோகிராம் என்ற, எண்ணிட்ட பளபளப்பு ஒட்டியை ஒட்டுவார்கள், அதன் எண்ணை யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுக்கு 1992 முதல் அப்பர் டெக் என்ற கார்டு நிறுவனம் செய்வதும் இதே மாதிரியான ஏற்பாடுதான்.

இந்த இரண்டாவது வகைப் பந்து ஒன்று நியாயமான விலையில் எனக்குக் கிடைத்திருந்தால் என் முடிவு ஆட்டம் கண்டிருக்கும். எனக்குக் காட்டப்பட்டவை முதல் வகை, அல்லது அதற்கும் கீழே.

கார்டுப் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாக இருக்காது. கார்டுகளுக்குத் தரம் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-இல் தொடங்கியபோது தரம் பார்த்த முதல் கார்டே ஓர் அசிங்கமான கதை. பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு, டி206 என்ற தொகுப்பைச் சேர்ந்தது, 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்தது. ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரம் 8 என்றது பி.எஸ்.ஏ. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கடைசியில் 2013-இல், முன்னே அதை விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். கார்டு அசல், தரம் பொய். தரம் என்பதும் ஒரு கருத்துதான் என்று இதைப் பார்த்தவர் யாரும் சொல்வார்.

ஆனால் அந்தக் கருத்து பொய்யானால் நான் இழப்பது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். தரம் 9-க்கும் 8-க்கும் நடுவே வீட்டு விலை நிற்கலாம். தரம் 2-க்கும் 1-க்கும் நடுவே அவ்வளவு பெரிய பள்ளம் கிடையாது. மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த கார்டின் ஓரத்தை மெனக்கெட்டு வெட்டி யாருக்கும் லாபமில்லை. வேண்டுமென்றேதான் கீழ்த்தரத்தை எடுத்தேன். அங்கே நான் பணம் கொடுப்பது 'இது 1954 டாப்ஸ் ஆரன்' என்ற ஒரு வாக்கியத்துக்கு மட்டுமே. பந்தில் கருத்துத் தவறினாலோ கையில் நிற்பது கிறுக்கல் விழுந்த ஒரு பந்து.

போலி ஸ்லாப்பும் உண்டு. தரம் பார்த்து அடைத்துத் தரும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் ஸ்லாப் என்கிறார்கள். நிஜமான ஒரு கார்டின் எண்ணைத் திருடி, போலிப் பெட்டியில் ஒட்டிவிடுவார்கள். எண்ணைப் போட்டால் இணையத்தில் சரியென்றே காட்டும். அதனால் எண் மட்டும் போதாது. பதிவில் அந்தக் கார்டின் படம் இருந்தால், மடிப்பும் கறையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதிலும் பழைய, அடிபட்ட கார்டுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் அதற்கே உரிய அடையாளம். புத்தம் புதிய தரம் 10 கார்டுகள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

விலை ஏறுமா என்று கேட்டால், அதற்கு நான் ஆளில்லை. ஃப்ளீயர் நிறுவனத்தின் 1986-87 மைக்கேல் ஜோர்டன் கார்டு, தரம் 10, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. சில மாதங்களிலேயே அதில் பாதிக்கும் கீழே விழுந்தது. கார்டு மாறவில்லை, ஜோர்டனும் மாறவில்லை. ஆனால் விலை எவ்வளவு விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே கார்டு, ஒரே தரம், அடுத்தடுத்த ஏலங்கள் எல்லாம் பதிவில் இருக்கின்றன. என் கார்டுக்கும் அப்படித்தான். தரம் 2 ஆரன் சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பந்துக்கு இந்த வசதி குறைவு. மை அடர்த்தி, பந்தின் நிறம், யார் சான்றளித்தார்கள் என்று ஒவ்வொன்றும் தனி ரகம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரம். நான் ஸ்லாப் கார்டுகள் சில விற்றிருக்கிறேன், கையெழுத்துப் பந்து விற்ற அனுபவம் கிடையாது. பேரத்தில் கெட்டிக்காரர்கள் இதையே சாதகமாக்கிக்கொள்ளக்கூடும்.

கிரிக்கெட் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி அடிக்கடி வருகிறது. ஊரில் யாரோ கையெழுத்து மட்டை தருகிறாராம், வாங்கலாமா என்று. 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி ஆடிய மட்டை அதே ஆண்டு லண்டன் அற ஏலத்தில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்த மட்டை எங்கிருந்து, யார் கையிலிருந்து ஏலத்துக்கு வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, விலையே அதற்குத்தான். அந்தத் தொடர்ச்சி இல்லாத மட்டைக்கு, கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், மட்டை விலைக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பந்தே வாங்கலாம் என்று நான் சொல்லும் ஒரு கூட்டம் உண்டு: விற்கவே போவதில்லை என்பவர்கள், அல்லது ஆட்டக்காரர் எதிரே நின்று தானே வாங்கியவர்கள். ஆரனிடம் அந்த வழி அடைபட்டுவிட்டது. இனி அவர் பந்தைத் தேடுகிறவர்கள் மேஜர் லீக் ஹாலோகிராம் ஒட்டியதைத் தேடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணைச் சரிபாருங்கள், அந்தப் பதிவில் 'கையெழுத்துப் பந்து' என்று போட்டிருக்கிறதா, வெறும் 'ஆட்டத்தில் பயன்பட்ட பந்து' என்று போட்டிருக்கிறதா என்பதையும் படியுங்கள். இரண்டாவதாக இருந்தால், அந்த ஹாலோகிராம் பந்துக்குத்தான் சாட்சி, அதன் மேல் உள்ள கையெழுத்துக்கு இல்லை.