பின் சக்கர டிஸ்க் பிரேக் கிட்: ஏற்காடு இறக்கத்துக்குத் தாங்குமா?

பிக்கப்பின் பின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் கிட் மாட்டினால் வண்டி நிற்கும் தூரம் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. நல்ல நிலையில் உள்ள டிரம்மே பின் சக்கரத்தைச் சுழலாமல் பூட்டிவிடும். கிட்டின் பலன் வேறு: ஏற்காட்டிலிருந்து காப்பி மூட்டையோ மிளகோ ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வரும்போதும், பெடல் முதல் வளைவில் நின்ற உயரத்திலேயே நிற்கும். அந்த ஒன்றுக்காகவே காசு போடலாம்.

இரண்டரை டன் எடை ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டாம் கியரில் எஞ்சின் ஒரு பகுதியைத் தாங்கும், மீதி பிரேக்கில்தான் சூடாகும். டிரம் சூடானால் விரிந்து, உள்ளே உரசும் ஷூவை விட்டு விலகும், பெடல் இறங்கும். டிஸ்க் சூடானால் இரு பக்கமும் அழுத்தும் பேடை நோக்கித் தடிக்கும், காற்றும் நேராகப் படும். மழைத் தண்ணீரையும் சீக்கிரம் உதறிவிடும்.

சேலத்தில் லீ பஜாருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு இது வீண் செலவு. எஸ்டேட் மண் ரோட்டிலேயே கிடக்கும் வண்டிக்கும் யோசித்துச் செய்யுங்கள். டிரம்மின் பின்தகடு போய்விடுவதால் சேறும் சரளையும் நேராக டிஸ்கில் அடிக்கும். கிட்டில் மண் தடுப்புத் தகடு இல்லையென்றால் பட்டறையில் வெட்டி மாட்டாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் காலிப்பரை (பேடை அழுத்தும் பாகம்) தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். அதன் நடு ஓட்டை பின் ஆக்சில் ஹவுசிங் முகப்பில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். போல்ட்டை மட்டும் நம்பித் தொங்கும் பிராக்கெட்டில் காலிப்பர் கோணிக்கொண்டு பேடு ஒரு பக்கமாகத் தேயும். பெயிண்ட் பளபளப்பை வைத்துத் தரத்தை எடை போடக் கூடாது.

அடுத்தது ஹேண்ட் பிரேக். மலிவான கிட் பலவற்றின் குறை இங்கேதான். காலிப்பரிலேயே லீவர் உள்ள வகை சமதரைக்குப் போதும், முழு லோடோடு சரிவில் நிறுத்தினால் பிடிப்பு டிரம் அளவுக்கு வராது. டிஸ்கின் நடுக்குழிக்குள் சின்ன ஷூ வைத்த வகை விலை கூடினாலும் மலை வண்டிக்கு அதுதான் சரி. லீவர் வகையை வாங்கிவிட்டவர்கள் கவனிக்க: முதலில் கால் பெடலைப் பல முறை மிதித்து பேடு டிஸ்க்கோடு சேர்ந்த பிறகே கேபிளை மாட்ட வேண்டும். கேபிளை முன்னாலேயே இறுக்கினால் உள்ளே உள்ள தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யாது. பேடு மாற்றும்போது அந்த பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் காலிப்பரே போய்விடும்.

மாட்டும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹவுசிங்கை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஷூவைக் கழற்றி ஆக்சில் ஷாஃப்டை வெளியே இழுத்த பிறகுதான் பின்தகடு வரும். இழுத்த கையோடு ஆயில் சீலை மாற்றிவிடுங்கள், பழைய சீல் கசிந்தால் கியர் ஆயில் டிஸ்கில் ஏறும். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் உள்ளும் வெளியும் ஆடினால், ஒவ்வொரு வளைவிலும் டிஸ்க் பேடைத் தள்ளிவிட்டு, அடுத்த மிதியில் பெடல் பாதி வரை போகும். சமதரையில் இது தெரியாது, மலையில்தான் காட்டிக்கொடுக்கும். டிஸ்கில் பூசிய எண்ணெயைக் கிளீனரால் துடைத்து, டயல் கேஜ் வைத்து, சுற்றும்போது டிஸ்கின் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்கிறதா பாருங்கள். லோடில் ஸ்பிரிங் பட்டை முழுதும் அமுங்கினாலும் பிரேக் ஹோஸ் யு போல்ட்டில் உரசக் கூடாது. ஹோஸைக் காலிப்பரில் இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கு இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.

காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். பிறகு எவ்வளவு ஆயில் விட்டாலும் மேலே தங்கிய காற்று வராது, பெடல் மெத்தென்றே இருக்கும். பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில், நம் வண்டிகளில் பொதுவாக இடது பின்பக்கம், காற்று எடுக்கத் தொடங்குங்கள். பிரேக் ஆயில் டாட் 4 வகை. புதிதில் 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் இழுத்தால் 155க்கு இறங்கிவிடும். திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்ற வேண்டாம்.

சில மாஸ்டர் சிலிண்டர்களில் டிரம்முக்காகக் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கவும். உடனே சக்கரம் இளகினால் குற்றம் வால்விலோ ஹோஸிலோ. இளகாவிட்டால் காலிப்பர் நகரும் கம்பியையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள்.

லோடைப் பார்த்துப் பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வைப் பிடுங்கி எறியும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். காலி வண்டியில் பின்பக்கம் லேசு. நனைந்த ரோட்டில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி வால் சுழன்றுவிடும், மலையில் அந்தப் பக்கம் பள்ளம். வெறிச்சோடிய நனைந்த மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் காலிப்பர் பிஸ்டன் பெரிது என்று அர்த்தம். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சென்சாரும் அதன் வளையமும் பழைய இடத்திலேயே உட்காராத கிட்டைத் தொடவே வேண்டாம்.

பேடு பழக, நேர் ரோட்டில் 50லிருந்து 10 கி.மீ.க்கு எட்டுப் பத்து முறை மெதுவாகக் குறைத்து, இடையில் ஆறவிடுங்கள். முழுதாக நிறுத்தி மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அதற்கு முன் லோடோடு மலை ஏற வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கிட் வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள், எஃப்சி (தகுதிச் சான்று) சமயத்தில் போய் நிற்க வேண்டாம். மாட்டி 500 கி.மீ. ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சோதியுங்கள், பேடு 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.