ஜாவாவா க்ரூவியா: ஒரு வரிவிகிதம் மாறியபோது

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் நொறுக்குத்தீனிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. காரைக்குடியில் தேன்குழலும் சீப்புச்சீடையும் விற்கும் ஒரு கடையின் பில் போடும் புரோகிராமை நான் ஜாவா மொழியிலிருந்து, அதோடு சேர்ந்து ஓடக்கூடிய க்ரூவி மொழிக்கு மாற்றியது அந்த ஒரு எண்ணால்தான்.

வேகத்துக்கு ஜாவா, சுருக்கத்துக்கு க்ரூவி. அது தெரிந்த கதை. ஒரு எண்ணைத் திருத்தினால் எத்தனை கிளாஸை (புரோகிராமின் தனித்தனித் துண்டுகளை) மறுபடி கம்பைல் செய்யணும், அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றணும் என்பதுதான் என் கணக்கு.

ஜாவாவில் ஸ்டாட்டிக் ஃபைனல் இன்ட் (மாறாத முழு எண், அதாவது கான்ஸ்டன்ட்) என்று போட்டு 12 கொடுத்தால், அதைப் பயன்படுத்தும் கிளாஸுக்குள் மதிப்பே பதிந்துவிடும். கம்பைல் ஆன பில் கிளாஸை ஜாவாபி என்ற கருவியில் பிரித்துப் பார்த்தால் ‘பைபுஷ் 12’ (12-ஐ எடுத்து வை) என்ற கட்டளைதான் இருக்கும். வரி எந்த கிளாஸிலிருந்து வந்தது என்று அந்தக் கட்டளை சொல்லாது. இந்தக் கடையில் வரிவிகிதமும் அதைக் காட்டும் திரையும் ஒரு ஜார் (கிளாஸ்களைக் கட்டிவைத்த கோப்பு), பில் இன்னொரு ஜார். பழைய ஆட்கள் முதல் ஜாரை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். “திரையில அஞ்சு, பில்லுல பன்னெண்டு. எதைத் தம்பி வாங்குறது?” என்றார் கடைக்கார ஆச்சி. எல்லாவற்றையும் புதிதாக கம்பைல் செய்யும் கிளீன் பில்ட் போட்டால் தீர்ந்துவிடும், சரி. ஆனால் தேவகோட்டைக் கிளையில் எந்த ஜார் கிடக்கிறது என்று யார் பார்ப்பது?

க்ரூவி சாதாரண கோடில் மதிப்பைப் பதிக்காது. ஓடும்போது அந்த கிளாஸிடமே போய்க் கேட்கும். வரி ஜாரை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதும். சிஜிஎஸ்டிக்கு (ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பாதி) 2.5 என்று எழுதினால் தானாகவே பிக்டெசிமல், அதாவது துல்லியமான தசம எண்; ஜாவாவில் அது டபுள், தோராயமான எண், பைசாவில் வம்பு. ஒரு விலக்கு: அனோட்டேஷனுக்குள் (கோடில் @ போட்டு ஒட்டும் குறிப்புக்குள்) போனால் க்ரூவியும் மதிப்பைப் பதித்துவிடும். இதெல்லாம் பெயர்களை ஓடும்போது தேடும் சாதாரண, டைனமிக் க்ரூவிக்கு மட்டும். கம்பைல் நேரத்திலேயே அவற்றை முடிவுசெய்யும் கம்பைல்ஸ்டாட்டிக் போட்டு இந்தக் கடையில் நான் ஓட்டியதில்லை.

க்ரூவியில் நஷ்டமும் உண்டு. கான்ஸ்டன்ட் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் ஜாவா கம்பைல் ஆகாது. க்ரூவியில் அது வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதுதான் வெடிக்கும். அதற்காகவே சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறேன். வரியை டேட்டாபேஸில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், ஆச்சி கடைக்கு அது அதிகம்.

ஜாவாவிலேயே இருக்கப்போகிறவர்கள் 12-ஐ நேராக எழுதாமல், ஓடும்போது எண்ணைத் திருப்பித்தரும் இன்டீஜர் வேல்யூஆஃப் வழியாகக் கொடுங்கள். அப்புறம் அது கம்பைல் நேர கான்ஸ்டன்ட் ஆகாது, பதியவும் பதியாது. ஆனால் அதை ஸ்விட்ச் கேஸில் (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் இடத்தில்) வைக்க முடியாது.