ஊராட்சிக்கு வந்த பணத்தை நாமே பார்க்கலாம்: இ-கிராம் ஸ்வராஜ் தளமும் மேரி பஞ்சாயத்து செயலியும்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு யூனியன் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பட்டா, வருமானச் சான்று, நூறு நாள் வேலை விவரம் என்று ஏதாவது ஒன்றுக்காக ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். வந்த வேலை முடிந்ததும், "உங்க பஞ்சாயத்துக்கு எவ்வளவு பணம் வந்திருக்கு, எதுக்குச் செலவாகியிருக்குன்னு பாக்குறீங்களா?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் நம்புவதே இல்லை. கலெக்டர் ஆபீஸில் பூட்டி வைத்திருக்கும் கணக்கை ஜெராக்ஸ் கடையில் எப்படிப் பார்க்க முடியும் என்பார்கள். பார்க்க முடியும். அதனால்தான் இந்தத் தளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இ-கிராம் ஸ்வராஜ் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் தளம். 2020 ஏப்ரல் 24, பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று தொடங்கினார்கள். அதற்கு முன்பு திட்டத்துக்கு பிளான்பிளஸ், கணக்குக்கு பிரியாசாப்ட் என்று தனித்தனியாக இருந்ததை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரிப்போர்ட் பார்ப்பதற்கு யூசர் ஐடி, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கேப்சா எழுத்துகளைப் போட்டால் போதும். ஆதார் கேட்காமல் ஒரு அரசாங்கக் கணக்கைத் திறந்து காட்டுவதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த ஆண்டுக்கு ஊராட்சி போட்ட வளர்ச்சித் திட்டம். எந்தத் தெருவில் என்ன வேலை, உத்தேசமாக எவ்வளவு என்று வரிசையாக வரும். மற்றொன்று, பேமென்ட் வவுச்சர். எந்தத் தேதியில், யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் திட்டப் பட்டியலைக் கண்டதும், "இத்தனை லட்சம் வந்திருக்கு, ஒண்ணுமே செய்யலையே" என்று கோபப்படுவார்கள். திட்டத்தில் பெயர் இருப்பதால் பணம் வந்துவிட்டதாக ஆகாது. கைக்குக் கிடைக்கும் தொகையைவிட அதிகமாக வேலைகளை எழுதி வைப்பது வழக்கம்தான். பணம் வெளியே போனதற்குச் சாட்சி வவுச்சர் மட்டுமே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் இந்தத் தளத்தின் பெரும்பகுதி புரிந்தமாதிரி.

அடுத்து எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஊராட்சிக்கு மத்திய அரசிலிருந்து வரும் முக்கியமான பணம் நிதிக்குழு மானியம், அதாவது வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் குழுவின் பரிந்துரைப்படி வரும் பணம். 2021 முதல் 2026 வரை ஐந்து ஆண்டுகளுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு, நாடு முழுக்க ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அந்த ஐந்து ஆண்டு அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைகளுக்கு மட்டுமே உரிய பணம். அதில் பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு. வேறு எதற்கும் தொடக்கூடாது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கோ ஆபீஸ் செலவுக்கோ எடுக்கக்கூடாது. கணக்கில் லட்சக்கணக்கில் இருப்பு இருக்கும்போதே பிரசிடெண்ட் "ரோட்டுக்குப் பணம் இல்லை" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இருக்கும் பணம் கட்டுண்ட நிதியாக இருந்தால் அவர் சொல்வது உண்மை. கட்டில்லாத நிதியில் இருந்தால், ஏன் ரோடு போடவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எந்தப் பையில் இருக்கும் பணம் என்று தெரிந்து பேசுகிறவரை யாரும் எளிதில் உட்கார வைத்துவிட முடியாது.

எங்கள் பக்கத்து ஊராட்சி அப்பத்தா ஒருவர் முதியோர் பென்ஷன் விஷயமாகக் கடைக்கு வந்தார். காலனிக்குள் தண்ணீர்க் குழாய் நீட்டித் தருகிறோம் என்று சொல்லியே காலம் போகிறது, ஒவ்வொரு குடத்தையும் மெயின் ரோட்டிலிருந்து தூக்கிவருகிறோம் என்றார். திறந்து பார்த்தோம். திட்டத்தில் அந்த வேலை இருந்தது, குடிநீருக்கான கட்டுண்ட நிதியில். அந்தத் தலைப்பில் செலவு போக மீதமும் இருந்தது. அந்த வேலைக்கு மட்டும் வவுச்சர் இல்லை. இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, எந்த வரியைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளிர் குழுவில் இருக்கும் பேத்தி கிராம சபையில் அதை வாசித்தாள். எஸ்டிமேட் திருத்த யூனியனுக்குப் போயிருக்கிறது என்று பதில் சொன்னார்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி விடாமல் நின்றாள். பிறகு குழாய் வந்தது. இந்தத் தளத்தால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் நின்ற நிலைதான் கொண்டுவந்தது. நிற்பதற்கு ஆதாரமாகக் கையில் ஒரு தாள் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு ஊரில், போர்வெல் மோட்டார் மாற்றியதில் பிரசிடெண்ட் பணம் எடுத்துவிட்டார் என்று டீக்கடைப் பேச்சு. வவுச்சரைப் பார்த்தால் மோட்டார், பைப், கூலி மூன்றும் தனித்தனியாக, கடைக்காரர் பெயரோடு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விலையிலேயே இருந்தன. பேச்சு அதோடு அடங்கியது. நேர்மையாக வேலை செய்கிற பிரசிடெண்ட்டுகள்தான் இந்தத் தளத்தை ஊராரிடம் முதலில் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஊராட்சியின் பணம் எல்லாம் இங்கே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தத் தளத்தின் உயிர் மத்திய நிதிக்குழு மானியம். மாநில நிதிக்குழு மானியம், வீட்டு வரி, குழாய் வரி இவையெல்லாம் ஊராட்சியின் வேறு கணக்குகளில் ஓடுகின்றன. தெருவிளக்குக் கரண்ட் பில் எங்கே போனது என்று இங்கே தேடினால் தலைவலிதான் மிஞ்சும். நூறு நாள் வேலைக்கும் வீடு கட்டும் திட்டத்துக்கும் தனித்தனித் தளங்கள் உண்டு. வேலைகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆபீஸ் ஆங்கிலச் சுருக்கத்தில் இருக்கும். ஓஎச்டி என்றால் மேல்நிலைத் தொட்டி, சிசி ரோடு என்றால் சிமென்ட் ரோடு, ஐஎச்எச்எல் என்றால் வீட்டுக் கழிப்பறை என்று யாராவது சொல்லித்தர வேண்டும். 22 மொழிகளில் காட்டும் வகையில் 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் பாஷிணி என்ற மொழிபெயர்ப்புக் கருவியை இணைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் சுருக்கெழுத்தை விரித்து எழுதினால்தான் எந்த மொழிபெயர்ப்பும் உதவும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நிதிக்குழு மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்குத்தான் என்பது விதி. ஆகவே அந்தத் தேதிக்குப் பிந்தைய கணக்கில் வரவு மெலிந்து தெரிந்தால் தளம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தேர்தல் தள்ளிப்போனால் குழாய்க்கும் வாறுகாலுக்கும் வர வேண்டிய பணம் தள்ளிப்போகிறது. இதை ஊரில் சத்தமாகப் பேச வேண்டும்.

போனில் பார்ப்பவர்களுக்கு மேரி பஞ்சாயத்து செயலி. அதே கணக்குதான், சின்னத் திரைக்கு ஏற்றபடி இருக்கும். ஊராட்சியின் வரவு, செலவு, திட்டம், பிரதிநிதிகள் விவரம் எல்லாம் அதில் உண்டு. 2024 அக்டோபரிலிருந்து வானிலைத் துறையோடு சேர்ந்து ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பும் தருகிறார்கள். எங்கள் பக்கம் புரட்டாசியில் புழுதி விதைப்புப் போடும் சம்சாரிகளுக்கு மாவட்டம் முழுமைக்கும் ஒரே வரியில் "லேசான மழை" என்று சொல்வதைவிட இது பயன்படும். வானிலை பார்க்க வந்தவர் அப்படியே கணக்குப் பக்கத்தையும் தொட்டுப் பார்ப்பதை நானே பல தடவை கண்டிருக்கிறேன். ஆனால் வவுச்சர்களை வருஷ வாரியாக ஒப்பிட்டுப் பார்க்க, பிரிண்ட் எடுக்க, கம்ப்யூட்டரில் தளத்தைத் திறப்பதே வசதி.

யார் பயன்படுத்தலாம்? மகளிர் குழுக்கள்தான் முதலில். மாதக் கூட்டம் போட்டு, கணக்கு எழுதி, வங்கிக்கும் போய்ப் பழகியவர்கள். வரவு செலவு அவர்களுக்குப் புதிதல்ல. அடுத்தது கல்லூரிப் பிள்ளைகள்.

எப்போது பார்ப்பது என்றால், கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு சபை. அடுத்த ஆண்டுக்கான திட்டம் போடும் வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கும் என்பதால் அந்தச் சபையைத் தவற விடாதீர்கள். இரண்டு தாள் எடுத்துப் போங்கள், இந்த ஆண்டுத் திட்டம் ஒன்று, இதுவரையான வவுச்சர் பட்டியல் ஒன்று. மாநில மானியமும் வரி வசூலும் இந்தத் தாளில் இல்லாததால், அந்தக் கணக்கையும் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வரவு செலவையும் இதே தளத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊராட்சியில் அடுத்த சபையில் அதைத்தான் முன்வைக்கப் போகிறோம்.