அந்த அலுமினிய கிளட்ச் ஆயில் டப்பாவை வாங்கிவிடாதீர்கள்

ஆன்லைனில் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று ஓர் அலுமினிய கிளட்ச் ஆயில் டப்பா, அதாவது கிளட்ச் லைனுக்கான ஆயில் நிற்கும் டப்பா, விற்கிறார்கள். நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் பார்த்து வாங்கலாம். கூடவே ஒரு முழம் ரப்பர் ஹோஸ், இரண்டு கிளிப், முடுக்குவதற்கு ஒரு தகடு. ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. பானெட்டுக்குள் வேகிற சூட்டில் கம்பெனி பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகி, வருடம் போகப்போக கழுத்தில் கீறல் விட்டுவிடும். என் வண்டியிலும் அதுதான் நடந்தது. ராமநாதபுரத்தில் கேட்டால் "டப்பா மட்டும் தனியாக வராது அண்ணே, மாஸ்டர் சிலிண்டரோடு செட்டாகத்தான் வரும், மதுரையில் சொல்லித்தான் எடுக்கணும்" என்றார்கள். பெடலை அமுக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர். சரி என்று ஆன்லைனில் அலுமினிய டப்பாவை எடுத்தேன்.

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். ஹைட்ராலிக் லைனைக் கழற்றி மாட்டுவது எனக்கு அன்றாட வேலை. இதை இங்கே சொல்லக் காரணம், விற்றவர் கடைசியில் பிடித்துக்கொண்டது "நீங்கள் வீட்டில் மாட்டினீர்கள்" என்ற ஒன்றை மட்டும்தான்.

மாட்டிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். பெயின்ட்டில் சிந்தினால் உரித்துவிடும் என்பதால் சுற்றிலும் துணி போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டேன். டப்பாவை முடுக்கி, அவர்கள் கொடுத்த ஹோஸைச் சொருகி, சீல் பிரிக்காத புது டாட் 4 பிரேக் ஆயிலை (கிளட்ச்சுக்கும் அதுதான்) ஊற்றினேன். மகன் பெடலில், நான் வண்டிக்குக் கீழே. "அமுக்கு, பிடி, விடு" என்று லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்து முடித்தோம். பெடல் நன்றாக நின்றது. கியர் வெண்ணெயாக விழுந்தது.

கொஞ்ச நாளில் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் ஈரம் தெரிந்தது. துடைத்தேன், மறுபடி ஈரம். மூடியைத் திறந்து பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது. இங்கே ஒரு விஷயம். பிரேக் டப்பாவில் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. தானாக அட்ஜஸ்ட் ஆகும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் அது கிடையாது. டிஸ்க் தேயும்போது கீழே இருக்கும் சிலிண்டரின் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால் மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆகவே கிளட்ச் டப்பாவில் ஆயில் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "ஓடிய வண்டி, குறையத்தானே செய்யும்" என்று மேலே ஊற்றிவிட்டுப் போகும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

அப்புறம் பாம்பன் பாலம். வண்டி நிறைய சொந்தக்காரர்கள், ராமேஸ்வரம் போகிறோம். கப்பல் போக வழிவிட்டுக் கட்டியதால் ரோட்டுப் பாலம் நடுவில் மேடு ஏறும் என்பது தெரிந்ததே. அந்த ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. "என்ன மச்சான், சத்தம் மட்டும் வருது, வண்டி நகர மாட்டேங்குதே" என்று பின்னாலிருந்து மச்சினன் கேட்கிறான். டிஸ்க் கருகும் வாடை வேறு. பின்னால் வரிசையாக பஸ். ஆக்சிலேட்டரைக் குறைத்து, சின்ன கியரில் உருட்டி உருட்டித்தான் இறங்கினேன்.

பாலம் தாண்டி ஓரங்கட்டிக் கையால் பெடலை அமுக்கிப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய அந்தக் கொஞ்சம் ஆட்டம் சுத்தமாக இல்லை. கல்லாக நிற்கிறது. கீழே போய் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மூடிவிட்டு எடுத்தால் கிளட்ச் பழையபடி பிடிக்கிறது. துப்பு அங்கே கிடைத்தது. டிஸ்க் தேய்ந்து நழுவியிருந்தால் நிப்பிளைத் தளர்த்துவதால் எதுவும் மாறாது. மாறியது என்றால், காலை எடுத்த பிறகும் லைனுக்குள் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லை.

மாஸ்டர் சிலிண்டருக்குள், டப்பாவிலிருந்து ஆயில் இறங்குகிற இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. பெடலை முழுக்க விட்டதும் பிஸ்டன் ரப்பர் அந்தத் துவாரத்தைத் தாண்டிப் பின்னுக்கு வரும். மிச்ச அழுத்தம் அதன் வழியாக டப்பாவுக்குப் போய்விடும். அது அடைத்தால், நீங்கள் காலை எடுத்தாலும் வண்டியைப் பொறுத்தவரை கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். ஏற்றத்தில் நழுவும், டிஸ்க் கருகும்.

எதனால் அடைத்தது என்பது வீட்டில் டப்பாவைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. உள்ளே ஆயில் கறுப்பு மையாக இருந்தது. டப்பாவின் அடியில் ஹோஸ் சொருகும் நிப்பிள் உட்காரும் இடத்து ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, தன் பள்ளத்தைவிட்டு வெளியே பிதுங்கி நின்றது. ஹோஸை நீளவாக்கில் கீறி விரலால் தேய்த்தால் உட்புறம் பிசுபிசுவென்று கையில் வந்தது. அந்தத் துணுக்குகள்தான் இறங்கிப்போய் துவாரத்தை அடைத்திருக்கின்றன.

ரப்பரில் இரண்டு சாதி இருக்கிறது, வெளியே பார்த்தால் இரண்டும் கறுப்பு. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் ஈதர் வகையைச் சேர்ந்தது. பெட்ரோலிய எண்ணெய் அல்ல. அதற்கு ஈ.பி.டி.எம். ரப்பர்தான் தாங்கும். டீசல், எஞ்சின் ஆயில் லைனில் போடும் நைட்ரைல் ரப்பர் அதில் ஊறினால் உப்பிப் பிய்ந்துவிடும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: ஈ.பி.டி.எம். சீல் உள்ள கிளட்ச்சில் எஞ்சின் ஆயில் ஊற்றினால் அது உப்பிக் கெட்டுவிடும். இவர்கள் பெட்டிக்குள் வைத்திருந்தது சாதாரண டீசல் ஹோஸ். மேலே எந்த எழுத்தும் இல்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் "டாட் 3, டாட் 4 இரண்டுக்கும் ஏற்றது" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மோசடி என்று நான் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். அலுமினியம் நல்ல அலுமினியம், மரையும் சுத்தமாக வெட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில் செலவழித்து, தெரியாத ரப்பரில் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று, பெட்டியில் உபரியாக வந்த ஓ-ரிங்கைப் புது டாட் 4-இல் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊறப்போட்டேன். பக்கத்தில் இன்னொரு குப்பியில் கம்பெனி மாஸ்டர் கிட்டிலிருந்து எடுத்த ஒரு ரப்பர். கம்பெனி ரப்பர் கிட்டத்தட்ட போட்டபடியே கிடந்தது. அவர்களுடையதை வெர்னியரில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கண்ணாலேயே தெரிந்தது. இரண்டையும் ஸ்கேலோடு வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

மூடியும் சரியில்லை. கம்பெனி மூடியைத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும், மூடியில் காற்று போய்வர ஒரு சின்ன வழி இருக்கும். மட்டம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் விரிந்து சுருங்கும். வெளிக்காற்று ஆயிலைத் தொடாது. இந்த அலுமினிய மூடியில் அதெல்லாம் இல்லை. ஒரு ஓ-ரிங் போட்டு இறுக்கி அடைத்திருக்கிறார்கள். வெயிலில் நின்றால் உள்காற்று விரிந்து ஆயிலைத் தள்ளுகிறது, நெகிழ்ந்த ஹோஸ் வழியாக அது கசிகிறது. ஆறினால் உள்ளே இழுக்கிறது.

போதாததற்கு, அலுமினியத்தில் மட்டம் வெளியே தெரியாது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடற்கரையில் வீடு வைத்துக்கொண்டு அடிக்கடி திறந்து பார்க்க வேண்டிய டப்பாவை மாட்டுவது எந்த வகையில் நல்லது? முடுக்கக் கொடுத்த தகடும் இரும்பில் பாலிஷ் போட்டதுதான். மண்டபத்து உப்புக் காற்றில் அது முதலில் துருவேறி, அலுமினியத்தோடு ஒட்டும் இடத்தில் வெள்ளையாகப் பூத்துப்போனது. பழைய பிளாஸ்டிக் டப்பா கீறினாலும் மட்டத்தையாவது காட்டியது.

இனி விற்றவர் கதை. முதலில் வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். ரப்பர் கெட வேண்டிய கெடுவைவிட அந்தக் கெடு குறைவு என்பது அவர்களுக்குத் தெரியாதா? விடாமல் எழுதியதும், "பயிற்சி பெற்ற மெக்கானிக் மாட்டியதற்கான பில் இருக்கிறதா, வீட்டில் மாட்டினால் நாங்கள் பொறுப்பல்ல" என்று வந்தது. ஓ-ரிங் உப்பியதற்கும் ஸ்பேனரை யார் பிடித்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? வாங்கும் பக்கத்தில் "வீட்டிலேயே எளிதாக மாட்டலாம்" என்று அவர்களே படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் அந்த வரி காணவில்லை.

நான் மதிப்புரையில் படங்களைப் போட்ட பிறகு ஒரு போன். பாதிப் பணம் தருகிறோம், மதிப்புரையை எடுத்துவிடுங்கள் என்றார் ஒருவர். முடியாது என்றேன். சரி, முழுப் பணமும் அனுப்புகிறோம், வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார். நமக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் நம்பர் எதற்கு? யூபிஐ-யில் பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். அவர் விற்றவரின் ஆளா, மதிப்புரையைப் பார்த்துவிட்டு வலைவீசிய வேறு ஆளா என்று நான் ஆராயவில்லை, வைத்துவிட்டேன். இப்படி ஏதாவது பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும், தாமதித்தால் பிடிப்பது கஷ்டம்.

சட்டம் இதில் வாங்கியவர் பக்கம் இருக்கிறது. 2020-இல் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பெட்டி மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் ஒரு பார்கோடு ஸ்டிக்கரைத் தவிர ஒன்றும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. தளத்திலேயே பேசிக்கொண்டிருந்து இரண்டு வருடத்தைக் கடத்திவிடாதீர்கள், அதற்குமேல் போனால் காரணம் சொல்ல வேண்டிவரும்.

கீழக்கரையில் ஸ்பேர் கடை வைத்திருக்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரிடம் இதைக் காட்டினேன். "தம்பி, இதை இங்கேயும் கொண்டுவந்து தந்தாங்க, ஹோஸ்ல பேர் இல்லையேன்னு நான் வாங்கல" என்றார். ஹோஸில் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் சோதனை. பிரேக் ஆயிலுக்கான ஹோஸ் என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் கறுப்பு ஹோஸ் என்றால் அவர் தொடுவதில்லை. கடைசியில் அவர்தான் மாஸ்டர் சிலிண்டர் செட்டை டப்பாவோடு வரவழைத்துக் கொடுத்தார். கீழ் சிலிண்டருக்கும் கிட் மாற்றி, லைனை முழுக்கக் கழுவிவிட்டேன். டிஸ்க் மேல்பக்கம் பளபளத்துப் போயிருந்தது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கியர்பாக்ஸ் இறக்கிய கூலியையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அலுமினிய டப்பாவைப் போல ஒரு அலமாரி நிறைய வாங்கியிருக்கலாம்.

ஏற்கெனவே இதை மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மூடியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை ஆயிலில் நனைத்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் அந்த ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள், ஹோஸ் உள்ளே இருக்கும் வரை மறுபடி கறுக்கும். பெடலின் மேல்பக்க ஆட்டம் குறைந்திருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பாருங்கள். வழியில் நழுவ ஆரம்பித்தால் ஓரங்கட்டி, நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தை விட்டு, உடனே மூடி, வீடு வரை மெதுவாக வந்துவிடலாம். பத்து நம்பர் ஸ்பேனர் ஒன்று டேஷ்போர்டில் கிடக்கட்டும், என் வண்டியில் நிப்பிள் அந்த அளவு. பெட்டி, பில், உபரி ஓ-ரிங் எதையும் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு வேண்டும்.