தேயிலை டோக்கன் என்று யாராவது வந்தால்

கோத்தகிரிப் பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். உறைபனியில் கொழுந்து கருகி, கையில் வேலையில்லாத மாதம் பார்த்துத்தான் வந்தார்கள். போனது 1,80,000 ரூபாய்.

குன்னூரில் ஒரு ஓட்டலில் கூட்டம். கூட்டிப்போனவர் இலை எடை போடுமிடத்தில் தினமும் பார்க்கிற அண்ணன். "ஃபேக்டரிக்காரன் குடுக்கிற விலைக்கு இன்னும் எத்தனை வருஷம் மாரடிக்கிறது தம்பி?" என்றார். நீலகிரித் தோட்டங்களை ஈடாக வைத்து ஒரு டோக்கன், அதாவது கிரிப்டோ நாணயம் மாதிரி ஒன்று, வருகிறதாம். எக்ஸ்சேஞ்சில் (அதை வாங்கி விற்கிற ஆன்லைன் சந்தையில்) லிஸ்ட் ஆகுமுன் வாங்கினால் 4 ரூபாய், லிஸ்ட் ஆன அன்றே 40. அதுவரை மாதம் 8 சதவீதம். ஆள் சேர்த்தால் தனிக் கமிஷன்.

ஒயிட் பேப்பர் என்று 41 பக்கத்தில் திட்ட விளக்கம் கொடுத்தார்கள். அட்டையில் பெண்கள் நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் கூடையோடு இலை பறிக்கிறார்கள். அது டார்ஜீலிங் பக்கத்துப் பழக்கம். எங்கள் ஊரில் கத்தரியும் பையும். சில்வர் ஓக் ஒன்றுகூட அதில் இல்லை. வீட்டுக்காரி பார்த்ததுமே "இது நம்ம ஊரே இல்லையே" என்றாள். "சும்மா மாதிரிக்குப் போட்ட படம்" என்று அவர்களுக்காக நானே பதில் சொன்னேன். உள்ளே எந்த எஸ்டேட், எந்த சர்வே நம்பர் என்று ஒரு வரி கிடையாது.

முதலில் 20,000 கட்டினேன். அடுத்த மாதம் 1,600 சொன்னபடி வங்கிக்கு வந்தது. அதுதான் என்னைச் சாய்த்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர் பணம் அது என்று அப்போது தோன்றவில்லை. மீதி 1,60,000-ஐ அனுப்பினேன், அதுவும் வெளிமாநிலத்துத் தனியாள் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு. கேட்டதற்குக் கம்பெனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினார்கள். கம்பெனியைப் பதிவு செய்வது வேறு, ஊரில் பணம் வசூலிக்க அனுமதி வாங்குவது வேறு.

அவர்கள் கொடுத்த ஆப்பில் என் தொகை ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனபோது, "30 சதவீத வரியை முதலில் எங்களிடம் கட்டுங்கள்" என்றார்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரலிலிருந்து உண்மையிலேயே இருக்கிறது. பொய்யை மெய்யோடு கலந்து பேசுகிறார்கள். அந்த வரியை நாம்தான் கணக்குத் தாக்கல் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். முன்கூட்டியே பிடிக்கிற வரியான டிடிஎஸ் என்றால் 1 சதவீதம். அதையும் வரவேண்டிய பணத்தில்தான் பிடிப்பார்கள்.

கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கும் அக்கா மகனிடம் அப்போதுதான் வாயைத் திறந்தேன். டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரியை பிஎஸ்சி ஸ்கேன் என்ற இணையதளத்தில் போட்டு, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் 'ஹோல்டர்ஸ்' பகுதியைத் திறந்தான். இரண்டு நிமிட வேலை. மொத்த டோக்கனில் 96 சதவீதம் ஒரே வாலட்டில், அதாவது ஒரே கிரிப்டோ கணக்கில். "மாமா, ஒன்காயின்னு ஒரு மோசடி கிரிப்டோ, அதுக்கு பிளாக்செயினே, அதான் பரிவர்த்தனையைப் பதியற பொதுப் பதிவேடே கிடையாது, அதுலயே உலகம் பூரா பணம் போட்டாங்க. இது அதைவிடக் கொஞ்சம் பரவால்ல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டபோது பணம் கட்டி 23 நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருப்பார்கள். வெட்கத்தில் அத்தனை நாளை விட்டேன். அந்த அண்ணனும் நாலு லட்சம் போட்டவர். "லிஸ்டிங் தள்ளிப் போயிருக்கு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஒரு அழைப்பு. இழந்த பணத்தை மீட்டுத் தருவார்களாம், முன்பணம் 12,000. நான் எவ்வளவு கட்டினேன், எந்தத் தேதியில் கட்டினேன் என்பதையெல்லாம் நான் சொல்லாமலே அந்த ஆள் சொன்னார்.