ஃபோர்டு 9என், 2என், 8என்: ஆயிலை உள் சீலில் நிறுத்துவதா, வெளி சீலில் நிறுத்துவதா?

1939 முதல் 1952 வரை ஃபோர்டு அமெரிக்காவில் செய்த 9என், 2என், 8என் டிராக்டர்கள் மூன்றிலும் பின் பிரேக் ட்ரம் வகைதான்: 14 அங்குல ட்ரம், அதன் உள்பக்கம் உரசிப் பிடிக்கும் 2 அங்குல அகல லைனிங். ட்ரம் ஆக்சிலின் வெளி நுனியில், சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங் வழியாக வரும் ஆயிலுக்கும் லைனிங்குக்கும் நடுவே நிற்பது, ஆயிலை மறிக்கும் வளையமான சீல் மட்டும்தான். ஒரு பக்கம் சீல் போனாலே ஆபத்து. 8என்-இல் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்ற இரண்டு பிரேக் பெடலும் வலப்பக்கம் இருப்பதால் ஒரே காலால் சேர்த்து மிதிப்பார்கள். இடது லைனிங் ஆயிலில் ஊறியிருந்தால் வண்டி வலப்பக்கம் வெட்டி இழுக்கும். இறக்கத்தில் டிரெய்லரோடு வரும்போது இது விளையாட்டல்ல.

சீல் வாங்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். இந்த வண்டிகளில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், சுமார் 19 லிட்டர். கியர் லிவர் ரப்பர் கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மட்டத்தைக் கூட்டும். சரிவில் ஒருக்களித்து நிறுத்திய வண்டியில் அந்த மிகுதி முழுக்கத் தாழ்ந்த பக்க ஹவுசிங்குக்குள் ஓடும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இனி இரண்டு வழிகளையும் எடை போடுவோம். உள் சீல் ஹவுசிங்குக்குள், பேரிங்குக்கு முன்பே ஆயிலை மறிக்கிறது. அப்படியானால் பேரிங்குக்கு ஆயில் கிடையாது. கிரீஸ் அடைத்தால்தான் ஓடும். வெளி சீல் பேரிங்கைத் தாண்டி மறிக்கிறது. உள் சீலைக் கழற்றிவிட்டு வெளி சீலை மட்டும் நம்பினால் பேரிங் கியர் ஆயிலிலேயே குளிக்கும், கிரீஸ் கவலை இல்லை. எந்தச் சீல் என்பதை முடிவு செய்யும்போதே பேரிங் எதில் ஓடப்போகிறது என்பதையும் முடிவு செய்கிறீர்கள். இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டு பேரிங்கில் கிரீஸ் அடைக்க மறப்பதுதான் பலர் விழும் குழி: லைனிங் காய்ந்தே இருக்கும், பேரிங் எரிந்துபோகும்.

9என், 2என்-இல் ஆக்சிலும் அதன் வெளி நுனித் தட்டும் ஒரே துண்டு. பேரிங்கையும் அதைப் பிடித்திருக்கும் காலரையும் உள்பக்கத்திலிருந்து இறுக்கமாக ஏற்றியிருப்பார்கள். வெளி சீலை மாற்ற வேண்டுமானால் இரண்டும் வெளியே வந்தாக வேண்டும். காலரை கிரைண்டரால் ஷாஃப்டைத் தொடாத அளவுக்கு ஆழமாக அறுத்து, உளியால் ஓர் அடி கொடுத்தால் வெடித்துக் கழன்றுவிடும். புதுக் காலரைச் சூடாக்கித்தான் இறக்க வேண்டும். உள் சீலுக்கு இந்தப் பாடு இல்லை; ஆக்சிலை பேரிங்கோடு உருவினால் ஹவுசிங்குக்குள் கை போகும். ஆகவே 9என், 2என்-இல் பேரிங் நன்றாக இருந்தால் உள் சீல்தான் என் தேர்வு. பேரிங்கே ஆடினால் எப்படியும் காலரை வெட்டப்போகிறீர்கள், வெளி சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

8என்-இல் கதை தலைகீழ். சக்கரம் பூட்டும் ஹப் தனித்துண்டு, பெரிய நட்டைக் கழற்றி ஹப்பை உருவினால் ஆக்சிலை வெளியே எடுக்காமலே வெளி சீல் கைக்கு எட்டும். இதற்கென்றே பெரிய ரப்பர் உதடு (சுழலும் உலோகத்தில் உரசி ஆயிலை மறிக்கும் விளிம்பு) கொண்ட மாற்று சீல் செட் விற்கிறது. 8என் வைத்திருப்பவர் அதையே போடலாம். உள் சீல் இல்லாத நிலையில் ஹப்பும் ஆக்சிலும் கோத்துக்கொள்ளும் பல்வரிசையான ஸ்பிளைன் வழியாகவும் ஆயில் ஊறும், அங்கே சீலன்ட் பூசுங்கள்.

உதடு ஓடி ஓடி உலோகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. நகத்தால் தடவிப் பாருங்கள்; நகம் மாட்டினால் பள்ளம்தான். செலவில்லாத வழி, சீலை 2 மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளி அடித்து உதட்டைப் புது இடத்தில் ஓட விடுவது. இடம் இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ். கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான் என்பதால் அதே அளவு சீல் பொருந்தும். லேத்தில் கடைந்து தேய்ப்பதை நான் சொல்ல மாட்டேன். விட்டம் குறையும், உதட்டின் பிடியும் குறையும்.

சீலை அடிக்கும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிளைன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நுழையுங்கள். புது சீல் முதல் நாளே கசிவதற்கு ஸ்பிளைன் கீறிய உதடு போதும்.

ஆக்சிலின் ஆட்டத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களைக் கலைக்காதீர்கள். 9என், 2என்-இல் இரண்டு ஆக்சில்களும் நடுவில் ஒன்றோடொன்று முட்டி நிற்பதால் ஒரு பக்க ஷிம்மை மாற்றினால் இரண்டு பக்க ஆட்டமும் மாறும். இறுக்கம் மிகுந்தால் பேரிங் சூடேறும். தளர்ந்தால் ஆக்சில் உள்ளும் வெளியும் போய்வந்து சீலைத் தின்னும். எந்தப் பக்கம் என்று எழுதி, கம்பியில் கோத்து வையுங்கள். வெளி சீலை மட்டும் நம்புகிறவர்கள் ஷிம் முகங்களிலும் மெல்லிய சீலன்ட் பூச்சு கொடுக்க வேண்டும், ஆயில் அந்த இடுக்கிலும் வரும்.

தூக்கும்போது முன் ஆக்சிலுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் மரக்கட்டை ஆப்பு அடியுங்கள். முன் ஆக்சில் நடு முளையில் ஆடுவது என்பதால் ஆப்பு இல்லாவிட்டால் வண்டி சாயும். வேலை செய்யும் பக்கத்தை நன்கு உயர்த்தினால் ஆயில் மறுபக்கம் ஓடிவிடும், முழுவதும் வடிக்க வேண்டியதில்லை.

கனமான ஆயில் ஊற்றிக் கசிவைத் தடுக்கலாம் என்பது மூன்றாவது யோசனை. ஹைட்ராலிக்கும் அதே ஆயிலில் ஓடுவதால் குளிரில் லிஃப்ட் சோம்பும். சீலை உப்பவைக்கும் மருந்து ரப்பரில் கொஞ்ச நாள் தாங்கும். பழைய தோல் சீலில் ஒன்றும் நடக்காது.

லைனிங்கைக் கழுவுவதா மாற்றுவதா? மேலே தெறித்த பூச்சு மட்டும் என்றால் பிரேக் கிளீனர் போதும். உள்ளே ஊறியதைப் பெட்ரோலில் கழுவினாலும், நாலு முறை பிரேக் பிடித்துச் சூடேறியதும் ஆயில் மேலே வந்துவிடும், லைனிங் மாற்றியே ஆக வேண்டும். நெருப்பில் வாட்டும் பழக்கம் வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர் பட்ட லைனிங்கைச் சூடாக்கினால் விஷவாயு வரும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.