ஓப்பன்இஎம்எஸ், மூன்று வருடம் கழித்து: எல்லாம் சரி, இந்த மெஷ்தான்

நேற்று ராத்திரி கல்லூரி நண்பன் கேட்டான்: "மச்சான், வைஃபை போர்டுக்கு ஆன்டெனா வரையணும், காசு போட்டு சாஃப்ட்வேர் வாங்க வழியில்லை, ஓப்பன்இஎம்எஸ் போடலாமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஓப்பன்இஎம்எஸ் என்பது ஆன்டெனா எப்படி வேலை செய்யும் என்று கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் சாஃப்ட்வேர். இலவசம், எஃப்டிடிடி முறை (இடத்தைச் சின்னக் கட்டங்களாகவும் நேரத்தைச் சின்ன அடிகளாகவும் வெட்டி மின்காந்த அலையைக் கணக்கிடுவது), ஆக்டேவிலோ பைத்தானிலோ நிரல் எழுத வேண்டும், மவுஸால் வரைகிற வேலை கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் உள்ளே வருகிறோம், அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் மெஷ்ஷில், அதாவது அந்தக் கட்டங்களைப் பிரிக்கும் கோட்டு வலையில். கோடுகளை நாமேதான் போட வேண்டும். செம்பு விளிம்பின் மேலேயே கோடு விழக் கூடாது, ஒரு பங்கு உள்ளே, இரண்டு பங்கு வெளியே என்று தள்ளிப் போட வேண்டும், சரி, பழகிவிட்டது. நேற்று என்ன ஆனதென்றால், போர்டு வரையும் சாஃப்ட்வேரான கைகேடில் ஒரு விளிம்பு 4.00 மில்லிமீட்டரில், இன்னொன்று 4.02-இல். கண்ணுக்கு ஒரே கோடு. ஆனால் நடுவில் 0.02 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் உட்கார்ந்துவிட்டது. மிகச் சின்னக் கட்டம் எதுவோ அதுதான் மொத்த சிமுலேஷனின் டைம்ஸ்டெப்பையும் (ஒரு நேர அடியின் அளவு) முடிவு செய்யும் என்பதால், அடிகள் குட்டியாகிப் பெருகி, 25 நிமிட வேலை கிட்டத்தட்ட 5 மணி நேரம் என்றாகிவிட்டது. பிழை என்று ஒரு வரிகூட வராது, அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாடலுக்குள் மிச்சமிருக்கும் எனர்ஜி டெர்மினலில் -50 டிபிக்கு (உச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கு) இறங்கினால் நிற்கும், அது -20-இலேயே படுத்துக் கிடக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், தப்பு என் படத்தில்தான். விடையும் ஏமாற்றியதில்லை. முதன்முதலில் வரைந்த இன்வர்ட்டட்-எஃப் ஆன்டெனா, சாதா எஃப்ஆர்-4 போர்டு, எப்சிலான் (போர்டுப் பொருளின் மின்கடத்தா மாறிலி) 4.4 என்று கொடுத்தேன். சிமுலேஷன் 2.44 கிகாஹெர்ட்ஸ் என்றது. போர்டு வந்ததும் நானோவிஎன்ஏவில் (ஆன்டெனாவை அளக்கும் கைக் கருவி) மாட்டிப் பார்த்தால் பள்ளம், அதாவது ஆன்டெனா ஒத்திசையும் இடம், 2.42-இல். கேபிளைக் கழற்றி, திரும்ப கேலிபரேட் செய்து, மூன்று தடவை பார்த்தேன், நம்பவே முடியவில்லை. அப்புறம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடினேன், 2.36-க்கு ஓடிவிட்டது, வைஃபை சேனல்களுக்கு வெளியே. டப்பாவை மாடலில் சேர்க்காதது நான். சேர்த்துவிட்டு ஓடவிட்டதும் அதே இடத்தில்தான் பள்ளத்தைக் காட்டியது. காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் இதைவிட என்ன கிழிக்கும் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நண்பனுக்கு என்ன சொன்னேனா? "வேண்டாம்டா, போர்டிலேயே ஆன்டெனா இருக்கிற மாட்யூலை வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரு." அதை அனுப்பும்போது மணி ஒன்றேகால், எனர்ஜி -38.